கல்லறைத் தோட்டத்துக் காவலர்
(ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் கோவில் கட்டியவர்களை நினைக்கிறோம். மணி வாங்கித் தந்தவர்களின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். ஆனால் நம் பெற்றோரை மண்ணில் இறக்கி வைத்த கைகளை நாம் நினைப்பதில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறு வயதிலேயே படித்தோம். அதை நமக்காகச் செய்கிறவர் யார் என்று கேட்டோமா? ஆகவே இன்று ஒரு கல்லறைக் காவலரின் குடும்பத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்பது அன்று சுமார் 2,400 பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக 1856இல் அமர்ந்தார் பீட்டர் தார்ன். அவரும் மனைவி எலிசபெத்தும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தோட்டத்து நுழைவாயில் கட்டடமே அவர்கள் வீடு. 1862இல் உள்நாட்டுப் போருக்காகப் பீட்டர் படையில் சேர்ந்தார். தோட்டப் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது. மூன்று ஆண் பிள்ளைகள், முதிய பெற்றோர், மண்வெட்டி: இவையே அவருக்கு மிஞ்சின.

1863 ஜூலை 1 முதல் 3 வரை அந்த ஊரிலேயே பெரும்போர் நடந்தது. ஜூலை 2 அன்று அருட்திரு. வில்லியம் கார்பி அடிகளார் போருக்குப் புறப்பட்ட ஐரிஷ் படையினருக்குப் பொதுப் பாவமன்னிப்பு வழங்கியதை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சாகப் போகிறவர்களுக்கு அவர் வழி காட்டினார். செத்தவர்களுக்கு யார் குழி வெட்டுவது?

போர் ஓய்ந்ததும் எலிசபெத் அம்மையார் திரும்பி வந்தார். வீட்டின் சன்னல்கள் உடைந்திருந்தன, சாமான்கள் போயிருந்தன. சுற்றிலும் செத்துக் கிடந்த குதிரைகள் மட்டும் 34. தோட்ட நிர்வாகம் வீரர்களை அடக்கம் செய்யச் சொன்னது. அம்மையார் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஆடி மாத வெயில், தாங்க முடியாத நாற்றம். உதவிக்கு வந்த இருவரில் ஒருவர் இரண்டே நாளில் நோயுற்றுப் போனார்; மற்றவர் ஐந்து நாள் தாங்கினார். அம்மையாரும் 63 வயதுத் தந்தையும் மட்டும் நின்று வெட்டினார்கள். அடக்கம் செய்தவர்கள் 105 வீரர்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். இதற்கெனத் தனிக் கூலி ஒரு காசும் வரவில்லை. மாதச் சம்பளம் 13 டாலர்தான். சில மாதங்களில் பிறந்த பெண் குழந்தை திடமாக வளரவில்லை. 14 வயதில் இறந்துபோனது.

அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, எவர்கிரீனுக்கு அடுத்து அமைந்த வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் சில நிமிடங்கள் பேசினார். அந்தப் பேச்சை உலகமே மனப்பாடம் செய்தது. மண்வெட்டி பிடித்த பெண்ணை ஊரே மறந்தது.

பீட்டர் 1865இல் போர் முடிந்து திரும்பினார். பல சாவுகளைப் பார்த்து வந்த அந்தப் போர்வீரர் மறுபடியும் அதே வாயில் வீட்டில் குடியேறி, 1874 வரை அதே வேலையைச் செய்தார். கணவனும் மனைவியும் 1907இல் இறந்தார்கள். காத்துவந்த தோட்டத்திலேயே துயில்கிறார்கள். 2002இல்தான், அதாவது 139 ஆண்டுகள் கழித்து, கர்ப்பிணியாக மண்வெட்டியோடு நிற்கும் அம்மையாரின் வெண்கலச் சிலை அங்கே எழுந்தது.

அன்பர்களே, நாமும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா? வருகிற கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுமுன், நம் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரின் பெயரைக் கேட்டறிவோம். துக்க வீட்டில் அவர் கூலியைப் பேரம் பேசாதிருப்போம். மழை நாளில் அவர் ஒதுங்க ஒரு கூரையும், வேலை முடிந்ததும் குளிக்க நீரும் உண்டா என்று பார்ப்போம். அவர் வீட்டில் நோயென்றால் நாம் போய் நிற்போம். நாளை நமக்காகவும் மண்வெட்டி எடுக்கப் போகிறவர் அவரே.