கடல் கடந்த தொண்டும் காத்திருக்கும் குழந்தைகளும்
(வெள்ளிவிழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

 

ஓலைக் கொட்டகையில், ஒரே ஓர் அரிக்கேன் விளக்கின் ஒளியில் இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. இந்நன்னாளில் பழம்பெருமை பேசி அமர்வதை விட, நம் இளைஞர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு விடை தேடுவதே தகும் எனக் கருதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன், நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்றுச் செவிலியர் பட்டம் முடித்த மகளொருத்தி நம் இல்லம் வந்தார். “ஐயா, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டிலே, கிறித்தவ அமைப்பொன்று நடத்தும் பெண் குழந்தைகள் இல்லத்தில் மூன்று மாதம் தொண்டாற்ற வாய்ப்பு வந்திருக்கிறது. போகலாமா?” என்று கேட்டார். கேட்டதும் நம் நெஞ்சம் பூரித்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் இரக்கத்துக்குக் கையேந்தி நின்ற சமுதாயம் நாம். இன்று நம் வீட்டுப் பெண் கடல் கடந்து கொடுக்கும் கையாகிறாள்! ஆயினும் உடனே ‘போ’ என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. “சிறிது பொறு அம்மா, சிந்தித்துச் சொல்கிறோம்” என்றோம். சிந்தித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கடல் கடந்து வந்து பெண் குழந்தைகளைக் காத்தவர் வரலாறு நம் திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு. களக்காட்டை அடுத்த டோனாவூரை நீங்கள் அறிவீர்கள். அயர்லாந்து நாட்டில் 1867-ஆம் ஆண்டு பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்தார். 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமியொருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த ஒரு குழந்தையிலிருந்தே டோனாவூர் இல்லம் வளர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது 1947-இலேதான். சட்டம் வருவதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே அக்குழந்தைகளுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருந்தது.

அவ்வம்மையாரின் வாழ்வில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் தமிழ் கற்றார். இந்திய உடை அணிந்தார். வந்தபின் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 1931-இல் தவறி விழுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்த போதும் அக்குழந்தைகளை விட்டு அகலவில்லை. 1951-இல் அங்கேயே மறைந்தார். அவருக்குக் கல்லறைக் கல்கூட இல்லை. பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றே நினைவுச் சின்னம். இரண்டாவது, அவர் தனித்து நின்று அதனைச் செய்யவில்லை. பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி நெய்யூரிலிருந்த கைக்குழந்தைகள் விடுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1915-இல் நோயுற்று மறைந்தார். அம்மையாரின் பெயரை உலகம் அறியும். பொன்னம்மாளின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நள்ளிரவில் அழும் குழந்தையைத் தோளிலிட்டுத் தாலாட்டுபவள் அவ்வூர்ப் பெண்ணே என்பதை வெளிநாடு செல்லும் எவரும் மறத்தலாகாது.

இனி, நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் ஒரு மாணவர் விடுதியில் தங்கியிருந்தோம். அங்கே கோடை விடுமுறைக்கு முன் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் தொண்டு செய்ய வந்தார். நல்லவர். எங்களோடு தரையில் அமர்ந்து உண்டார்; பந்து விளையாடினார்; எங்களில் சிலர் பெயரை ஓடி ஓடிச் சொல்லிப் பழகினார். பிறந்த நாள் முதல் ‘எட்டி நில்’ என்பதையே கேட்டு வளர்ந்த எங்களை அவர் தோளில் தூக்கினார். ஆறு வாரம் சென்றது. “கடிதம் எழுதுவேன், மீண்டும் வருவேன்” என்று சொல்லிப் போனார். அஞ்சல்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாயிற்படியில் நின்றோம். கடிதம் வரவில்லை. அவருக்கு அது ஆறு வார அனுபவம். எங்களுக்கோ பிரிவுகளின் வரிசையில் இன்னுமொரு பிரிவு. அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தபோது நாம் அவர் அருகே செல்லவில்லை. அன்று நமக்குப் பத்து வயது. அவரைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. அன்பு காட்டுவது எளிது, அன்பை நிறுத்தாதிருப்பதே அரிது என்பதை அறிவுறுத்தவே சொல்கிறோம்.

இவ்வுண்மையை உலகமும் இப்போது உணரத் தலைப்பட்டுள்ளது. உலகெங்கும் ‘அநாதை இல்லங்கள்’ எனப்படுபவற்றில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர். வறுமையும் பள்ளியின்மையுமே அவர்களை வீட்டிலிருந்து பிரித்தன. தொண்டர் வருகையும் நன்கொடையும் பெருகப் பெருக, சில நாடுகளில் இல்லங்களை நிரப்பவே குழந்தைகளைத் திரட்டும் கொடுமையும் நிகழ்ந்தது. 2019-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, இத்தகைய தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கிலிருந்து குழந்தைகளைக் காக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கென்ய அரசு 2017-இல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. 2022-இல், குழந்தைகளைக் குடும்பச் சூழலுக்குக் கொண்டு செல்லும் பத்தாண்டுத் திட்டத்தை வகுத்தது.

அப்படியானால் இல்லங்களே வேண்டாவா? அவ்வாறு கூறிவிட முடியாது. கென்யாவின் சில பகுதிகளில் சிறுமியரின் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் கொடிய சடங்கு உண்டு. அதனைத் தொடர்ந்து இளமணம். 2011-இல் சட்டம் அதனை முற்றிலும் தடை செய்த பின்னும், தப்பியோடி வரும் சிறுமிக்கு அன்றிரவு தங்க ஓர் இடம் வேண்டும். 1901-இல் ஓடி வந்த சிறுமிக்கு வேண்டியிருந்ததும் அதுவே. அடைக்கலம் தேவை, அது நிரந்தரச் சிறையாகிவிடக் கூடாது. பெற்றோர் மனம் மாறி, சடங்கு நடவாது என்ற உறுதி கிட்டியபின், அவள் தன் மொழியும் உறவும் உள்ள இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஆகவே, நம் மகளை மீண்டும் அழைத்து நான்கு வினாக்களைக் கொடுத்தோம். அவ்வில்லம் அந்நாட்டு அரசில் பதிவு பெற்றதா? குழந்தைகளை உறவினரோடு சேர்க்க அவர்கள் செய்யும் முயற்சி யாது? உன்னைப் போன்ற தொண்டரின் நடத்தையை விசாரித்தறிந்த பின்னரே உள்ளே விடுகின்றனரா? நீ செய்யப்போகும் பணியைச் செய்ய அவ்வூரிலேயே ஒரு பெண் இல்லையா? இவற்றுடன் ஓர் அறிவுரையும் சொன்னோம்: “அம்மா, அக்குழந்தைகளின் படத்தை எடுத்து ஊருக்குக் காட்டாதே. நம் சேரியைப் படம் பிடித்துச் சென்றவர்களை நாம் எப்படி நினைத்தோமோ, அப்படியே அவர்களும் நினைப்பார்கள்.”

அவர் சினங்கொள்வாரோ என்று அஞ்சினோம். கொள்ளவில்லை. நான்கு வினாக்களையும் எழுதி அனுப்பினார். மறுமொழி வந்தது. முதல் மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தது. நான்காவதற்கு, “குழந்தைகளைப் பேண எங்கள் ஊர்ப் பெண்களே இருக்கின்றனர், அவர்களுக்கு முதலுதவியும் பெண்கள் உடல்நலமும் கற்பிக்கச் செவிலியர் ஒருவர் வேண்டும்” என்று நேர்மையாக எழுதியிருந்தனர். “ஐயா, நான் குழந்தைகளுக்கு அம்மாவாகப் போகவில்லை, பொன்னம்மாள்களுக்குப் பாடம் சொல்லப் போகிறேன்” என்றார் நம் மகள். மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கிக் கேட்டிருக்கிறார். இப்போது சுவாகிலி மொழி பயில்கிறார். நம் ஆசியை முழுமனத்துடன் வழங்கினோம்.

இறுதியாக ஒன்று. 1894-இல் அமெரிக்கரான கர்னல் ஆல்காட் சென்னையில் நம் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916-இல் நம்மவரான சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்டார். வெளியார் கை தொடங்கி வைக்கலாம். நம் கைதான் தொடர்ந்து நடத்த வேண்டும். நம் சங்கத்தின் பெண்கள் விடுதியில் மாலை நேரத்தில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அது விமானம் ஏற வேண்டாத தூரம். பட்டம் பெற்ற இளைஞர்களே, வாரத்தில் இரு மாலைகளை ஓராண்டுக் காலம் தாருங்கள். ஓராண்டு இயலாதெனில் தொடங்கவே வேண்டா; அப்பிள்ளைகள் வாயிற்படியில் காத்து நிற்பார்கள்.