வாயில் கை விடாதீங்க, முதல்ல போன் பண்ணுங்க

(குரும்பகரத்தில் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு நேரா இங்க வந்திருக்கீங்க. மடிநோய், சினை ஊசி பத்திப் பேசச் சொன்னாங்க. அதுல பாதியை நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுப்பீங்க. நான் பேச வந்தது வெறிநோய்.

நாய்க்கு வர்ற நோய்தானே, மாட்டு டாக்டருக்கு என்ன வேலைன்னு தோணும். வேலையில சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் சாயந்தரம் போன் வந்தது. "சார், மாடு தீனி எடுக்கல, எச்சில் ஒழுகுது, தொண்டையில பனங்கொட்டை மாட்டிக்கிச்சு போல." போனேன். ஜெர்சி கலப்பு, ரெண்டாவது ஈத்து. நின்ன இடத்துல அடித்தொண்டையில கத்திக்கிட்டே இருந்தது. வீட்டுக்காரர் ஏற்கெனவே கையை விட்டுப் பார்த்திருந்தார், அவர் தம்பியும் பார்த்திருந்தார். அவசரத்துல நானும் கையுறை போடாம முழங்கை வரைக்கும் விட்டேன். கொட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கையை எடுத்தா, பல் கீறி ரத்தம். அப்பத்தான் அந்த வீட்டு ஆயா மெதுவா சொன்னாங்க: "ஒரு மாசம் இருக்கும் தம்பி, வயல்ல கட்டியிருந்தப்ப நாய் ஒண்ணு மூக்குல பிராண்டிச்சு. சின்னக் காயம்தான்."

நாலாம் நாள் மாடு செத்தது. நாங்க மூணு பேரும் அன்னிக்கு ராத்திரியே ஊசி போட ஓடினோம். அந்த ஒரு மாசம் நான் சரியாத் தூங்கல.

இந்த நோய் இப்படித்தான் ஏமாத்தும். கடிச்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. வாரக்கணக்குல, சில நேரம் மாசக்கணக்குல, கிருமி நரம்பு வழியா மூளைக்குப் போகும். அப்புறம் மாடு விழுங்க முடியாம எச்சில் வடிக்கும், குரல் மாறிக் கத்தும், பின்னங்கால் தள்ளாடும். கத்துறதைப் பார்த்து பருவத்துக்கு வந்திருக்குன்னு சினை ஊசி போடக் கூப்பிட்டவங்க உண்டு. எச்சிலைப் பார்த்து கோமாரின்னு நினைச்சவங்களும் உண்டு. அறிகுறி வந்த பிறகு மாட்டுக்கும் சரி மனுஷனுக்கும் சரி, வைத்தியம் கிடையாது. எவ்வளவு படிச்ச டாக்டர் வந்தாலும் அந்தக் கொட்டகையில கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நிக்கணும்.

ஆனா கடிச்ச அன்னிக்கே தெரிஞ்சா செய்யறதுக்கு நிறைய இருக்கு. காயத்தை ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. கையுறை போட்டுக்கிட்டு கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்னிக்கே மாட்டுக்கு முதல் ஊசி. அப்புறம் 3, 7, 14, 28-ஆம் நாள்ல மீதி. மூணாவது ஊசிக்கு அப்புறம் "மாடு நல்லாத்தான் இருக்கு"ன்னு நிறுத்திடறாங்க. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சந்தேகமான மாட்டோட எச்சில் மேல பட்டிருந்தா மனுஷங்க உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க, ஊசி இலவசம். பெரியவங்களுக்குத் தொப்புளைச் சுத்தி 14 ஊசி போட்ட ஞாபகம் இருக்கும். ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச அந்தப் பழைய மருந்தை நம்ம நாட்டுல 2004-லயே நிறுத்தியாச்சு. இப்ப கையில போடற சின்ன ஊசிதான், பயப்படாதீங்க. அந்த மாட்டுப் பாலைக் காய்ச்சினா கிருமி செத்துடும். ஆனாலும் அதைக் குடிக்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். பச்சையாக் குடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க.

இனி உங்க கையில இருக்கிற போன். மாடு எச்சில் வடிச்சா கிட்டப் போகாதீங்க. நாலடி தள்ளி நின்னு அரை நிமிஷம் வீடியோ எடுங்க, கத்துற சத்தமும் பதியணும். காது வில்லையில இருக்கிற 12 இலக்க எண்ணையும் பழைய போட்டோவுல இருந்து எடுத்து அனுப்புங்க. அந்த எண்ணை வச்சு, மாட்டுக்கு முன்னாடி என்ன தடுப்பூசி பதிவாகியிருக்குன்னு பார்க்கலாம். மாடு நல்லா இருக்கிறப்பவே காதைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா இந்தச் சிக்கல் இல்ல. கால்நடைக்கான இலவச எண் 1962. உங்க பகுதி மருந்தக நம்பரையும் பக்கத்துலயே சேமிச்சு வைங்க. வாட்ஸப் குரூப்ல மருந்து கேக்காதீங்க. அங்க பதில் சொல்றவர் மாட்டைப் பார்க்கல.

இன்னொண்ணு. நம்ம காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவுல ஒரு திட்டு. நாலு பக்கமும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், கடல். நாய்க்கு எல்லைக்கல் தெரியாது. ஒரு ஊர்ல 10 நாய் இருந்தா குறைஞ்சது 7 நாய்க்காவது தடுப்பூசி போட்டிருந்தாத்தான் நோய் பரவாம நிக்கும்னு கணக்கு. அதனால கொம்யூன்ல முகாம் போட்டா வீட்டு நாயைக் கட்டிக் கொண்டாங்க. பக்கத்து ஊர் சொந்தக்காரங்களுக்கும் சொல்லுங்க. நாய்க்குப் போடற ஒரு ஊசி உங்க கறவை மாட்டையும் சேர்த்துக் காப்பாத்தும்.

எங்களைப் பத்தி ஒரு வார்த்தை. இப்ப எங்க தொழில்ல இருக்கிறவங்க கடிபடறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கணும். கால்நடை மருத்துவம் படிக்கப் போற பிள்ளைங்க யாராவது இருந்தா முதல் வருஷமே போட்டுக்கோங்க. நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்.

கேள்வி இருந்தா கேளுங்க. பின்னாடி நிக்கிற தம்பி, நீங்க சொல்லுங்க, கன்னுக்குட்டியை நாய் கடிச்சு எத்தனை நாள் ஆச்சு?