செவி வழியே எழுத்து



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நாம் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு வந்திருக்கிறோம். இன்று கேட்டலையே பொருளாகக் கொண்டு ஒரு சிறு செய்தியை உங்கள்முன் வைக்க விழைகிறேன். அது குழந்தைகளைப் பற்றியது.

முதல் வகுப்பு முடித்திருந்த என் தங்கை மகளிடம் சென்ற ஆண்டு ஒரு படக்கதை நூலைக் கொடுத்தேன். 'குருவி பறந்து சென்றது' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பிழையின்றிப் படித்தாள். "குருவி என்ன செய்தது?" என்றேன், விழித்தாள். "குருவி பறந்து போயிடுச்சு" என்றதும், "அதுவா பெரியம்மா!" என்று முகம் மலர்ந்தாள். முனைவர் பட்டம் பெற்ற நான் விடுமுறைதோறும் அவளுடைய எழுத்தைத் திருத்தினேனே அன்றி, ஒரு கதையும் படித்துக் காட்டியதில்லை. அன்று நாணினேன்.

தமிழ்க் குழந்தை பேச்சுத் தமிழில் வளர்ந்து, எழுத்துத் தமிழில் கல்வியைத் தொடங்குகிறது. 247 எழுத்துகளையும் கற்றாலும், செவி அறியாத சொல்லைக் கண் கண்டால் பொருள் விளங்குவதில்லை. எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்டுப் பொருளுணரும் திறனையும் பெருக்கி வருவதே வாசிப்பு. இரண்டில் ஒன்று சுழியாயின் விடையும் சுழியே என்று கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் 1986இல் கூறினர். மேலும், பாக்கு, பாங்கு, பாகு ஆகிய மூன்றிலும் 'கு' என்னும் எழுத்து ஒன்றே, ஒலியோ வேறுவேறு. இவ்வேறுபாட்டைக் கற்பிப்பது செவியே.

வள்ளுவர் கல்லாமையை அடுத்துக் கேள்வி அதிகாரத்தை வைத்தார். கல்லாதாரும் கேட்டுப் பயன்பெறலாம் என்பது அவர் கருத்து. எழுத்தின் வாயிலில் நிற்கும் குழந்தைக்கும் அது பொருந்துமன்றோ?

வலையொலி எனப்படும் பாட்காஸ்ட் இங்கேதான் துணைவருகிறது. வானொலிக் கதை குறித்த நேரத்தில் ஒருமுறை ஒலித்து மறைந்தது. இதுவோ குழந்தை விரும்பும் போதெல்லாம் மீண்டும் ஒலிக்கும். களைத்து வீடு திரும்பும் தாய்க்கும், எழுதப் படிக்க அறியாத பாட்டிக்கும் கைகொடுக்கும். ஆனால், கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் விலகிவிடலாகாது. உடன் அமர வேண்டும், இடையில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என வினவ வேண்டும், பின்னர் அதே கதையை அச்சில் தந்து, ஒலியோடு விரலோட்டிப் படிக்கச் செய்ய வேண்டும்.

அவ்வாறே செய்தோம். நான் கதைகளைப் பதிவுசெய்து அனுப்ப, தங்கை உடனிருந்து கேட்பித்தாள். சில மாதங்களில் மகள் தானே ஒரு கதை சொன்னாள்: "அப்புறம் நரி காட்டுக்குள்ள சென்றதாம்!" இரு தமிழும் அவள் நாவில் கைகோத்து நின்றன.

கவிஞர்களே, தமிழை ஒலிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடக் கதை ஒன்றை எழுதி, உங்கள் குரலிலேயே பதிவுசெய்து தாருங்கள். கதைமாந்தர் பேச்சுத் தமிழில் பேசட்டும். கதையை எழுத்துத் தமிழ் நடத்திச் செல்லட்டும். நாளை நம் கவிதைகளுக்கு வாசகர் வேண்டுமெனில், இன்று அவர்தம் செவிக்குக் கதை வேண்டும்.