ஊழியரா, ஒப்பந்தக்காரரா? வரிப் படிவம் இறுதித் தீர்ப்பு அல்ல

தொழிற்சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



மருத்துவமனைகளிலும், தனியார் கல்வி நிறுவனங்களிலும், ஊடக அலுவலகங்களிலும், மென்பொருள் நிறுவனங்களிலும், அரசுத் திட்ட அலுவலகங்களிலும் புதிய வகைப் பணியாளர்கள் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு “ஆலோசகர்”, “ஃப்ரீலான்சர்”, “சேவை வழங்குநர்” என்று பெயர் சூட்டப்படுகிறது. காலையில் குறித்த நேரத்தில் வருகின்றனர்; விரல் ரேகை பதிக்கின்றனர்; மேலாளரின் உத்தரவுப்படி வேலை செய்கின்றனர்; விடுப்புக்கு அனுமதி கேட்கின்றனர். ஆனால் மாத இறுதியில் கிடைப்பது சம்பளம் அல்ல, “கட்டணம்” என்று நிர்வாகம் கூறுகிறது. அந்தத் தொகையில் வரி பிடிக்கப்படுவது சம்பளத்திற்கான 192-வது பிரிவில் அல்ல. தொழில்முறைக் கட்டணத்திற்கான 194ஜே பிரிவில், அல்லது ஒப்பந்த வேலைக்கான 194சி பிரிவில். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், பழைய எண்களே தொழிலாளர்களிடம் புழங்குகின்றன. இந்த உரையும் அவற்றையே பயன்படுத்துகிறது.

தொழிலாளி உரிமை கேட்கும் நாளில் நிர்வாகம் இந்த வரிப் பிடித்தத்தைத்தான் சான்றாக நீட்டுகிறது. “இவர் எங்கள் ஊழியர் அல்ல, வரிக் கணக்கைப் பாருங்கள்” என்கிறது. இந்த வாதத்தை எப்படி எதிர்கொள்வது என்பதே இன்றைய பொருள்.

ஒரு சிறிய கணக்கு

ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் மாதம் 15,000 ரூபாய் பெறும் இளம் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஆண்டு வருவாய் 1,80,000 ரூபாய். இத்தொகைக்கு வருமான வரியே கிடையாது. அவர் ஊழியராக நடத்தப்பட்டால் 192-வது பிரிவில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க இயலாது. “ஆலோசகர்” ஆனதும் 194ஜே பிரிவில் 10 சதவீதம், அதாவது மாதம் 1,500 ரூபாய் பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 18,000 ரூபாய் அரசிடம் முடங்குகிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும்.

மறுபுறம், நிர்வாகத்திற்கு மிச்சமாவது என்ன? வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 27,450 ரூபாய். இதற்கு மேல் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கிலான பணிக்கொடை, 26 வார மகப்பேறு விடுப்பு, போனஸ், பணிநீக்கத்திற்கு எதிரான பாதுகாப்பு எல்லாம் ஒரே கையெழுத்தில் மறைகின்றன. வரி செலுத்த வேண்டாத ஏழை வரி கட்டுகிறார். நிதி செலுத்த வேண்டிய முதலாளி தப்பிக்கிறார்.

“வரி மிச்சம்” என்ற ஆசை

சில தோழர்கள் வேறு கேள்வி எழுப்புகின்றனர். மருத்துவம், பொறியியல், கணக்கு போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு 44ஏடிஏ பிரிவின்படி மொத்த வரவில் பாதியையே வருமானமாகக் காட்டலாமே, அது தொழிலாளிக்கு லாபம் அல்லவா என்கின்றனர். உயர்ந்த வருவாய் பெறுவோருக்கு அது உண்மையான லாபம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தலையில் விழுகிறது. ஊழியர் தன் முதலாளிக்குச் செய்யும் வேலைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கூறுகிறது.

பெரும்பான்மையோரின் நிலை வேறு. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்திற்கு வரி இல்லை. 75,000 ரூபாய் நிலையான கழிவு இருப்பதால் சம்பளதாரருக்கு அது 12.75 லட்சம். மாதம் 15,000, 30,000, 50,000 பெறுவோருக்கு ஊழியராக இருந்தாலும் வரி பூஜ்யமே. வரி மிச்சம் என்று கூறி அவர்களிடம் கையெழுத்து வாங்குவது ஏமாற்று.

நீதிமன்றங்கள் கூறியது என்ன?

சட்டம் இரண்டு உறவுகளைப் பிரிக்கிறது. ஒன்று, பிறருக்குக் கீழ்ப்பட்டுப் பணிபுரியும் ஒப்பந்தம். மற்றொன்று, தன் தொழிலைத் தானே நடத்துபவர் சேவை வழங்கும் ஒப்பந்தம். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

1956-ல் தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. குஜராத்தின் உப்பளங்களில் பாடுபட்ட அகரியாக்கள் பற்றியது அது. பாத்தி பிரித்துக் கொடுக்கப்பட்டது. விளைந்த உப்பின் எடைக்கே கூலி. வேலை நேரம் கிடையாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. எனவே அவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் மேற்பார்வை இருந்தது, அகரியாக்களும் தாமே உடலுழைத்தனர். ஆகவே அவர்கள் தொழிலாளர்களே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், உருப்படிக்குக் கூலி பெற்ற தையல்காரர்களும் ஊழியர்களே என முடிவானது. தையல் இயந்திரம் கடையுடையது. தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தரும் அதிகாரமும் கடையுடையது. 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் ஆழமாகச் சென்றார். தொழிலாளியின் பிழைப்பின் மீது பொருளாதாரக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி. இடையில் நிற்கும் காகித ஒப்பந்தத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2022-ல் குஜராத் அங்கன்வாடி ஊழியர் வழக்கில், “மதிப்பூதியம்” என்று அரசு பெயரிட்டு வழங்கியதும் ஊதியமே என்று கூறி, பணிக்கொடை உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வரி வழக்கிலும் இதே அளவுகோல்தான். 1972-ல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், லாபத்தில் தமக்குரிய பங்கு சம்பளம் அல்ல என்று வாதிட்டார். அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவர் என்பதால் அது சம்பளமே என்று முடிவாயிற்று. நிர்வாக இயக்குநரே ஊழியர் ஆகும்போது, கைரேகை வைத்து உள்ளே நுழையும் பிசியோதெரபிஸ்ட் எப்படித் தொழிலதிபர் ஆவார்?

எச்சரிக்கையும் தேவை. எந்த ஓர் அளவுகோலும் தனித்து வழக்கை முடிப்பதில்லை. கட்டுப்பாடு, கருவிகளின் உடைமை, லாப நட்டப் பொறுப்பு, பிறரிடம் வேலை செய்யும் சுதந்திரம், நிறுவனத்தின் அன்றாடப் பணியோடு உள்ள பிணைப்பு ஆகியவற்றைச் சேர்த்தே நீதிமன்றம் எடைபோடுகிறது. வரிப் பிடித்தம் அந்தத் தராசில் ஒரு சிறு கல். மறுபக்கத்தில் கல் வைக்க ஆளில்லை என்றால் அதுவே கனமாகிவிடும். பல மருத்துவமனைகளில் சொந்தமாக நோயாளிகளைப் பார்க்கும் மூத்த மருத்துவர் உண்மையிலேயே சுதந்திரத் தொழிலர்தான். எல்லோரையும் ஒரே பட்டியலில் அடைத்தால் சங்கத்தின் வாதமே பலவீனப்படும்.

இயக்கத்தின் கடமைகள்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளியை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவராக வரையறுக்கிறது. நிதி ஆயோக்கின் 2022 அறிக்கைப்படி 2020-21-ல் 77 லட்சமாக இருந்த இத்தொழிலாளர் எண்ணிக்கை 2029-30-ல் 2.35 கோடியாக உயரும். இத்தனை கோடிப் பேருக்கு முதலாளியே இல்லை என்று சட்டம் சொல்லத் துணிந்திருக்கும்போது, சங்கங்கள் ஒவ்வொரு பணியிடத்திலும் கீழ்க்காணும் வேலைகளைத் தொடங்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொருவரும் தமது 26ஏஎஸ் படிவத்தை எடுத்து, எந்தப் பிரிவில் வரி பிடிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சம்பளதாரருக்குரிய படிவம் 16 தரப்படுகிறதா, 16ஏ தரப்படுகிறதா என்பதும் அதே விவரத்தைச் சொல்லும்.

இரண்டாவது, வருகைப் பதிவு, அடையாள அட்டை, பணி அட்டவணை, வாட்ஸ்அப் உத்தரவுகள், விடுப்பு விண்ணப்பம், ஒப்பந்தப் புதுப்பிப்புக் கடிதம், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும். வெளியேற்றப்பட்ட பின் கணினியைத் திறக்க நிர்வாகம் விடாது.

மூன்றாவது, பிடிக்கப்பட்ட வரியைத் திரும்பப் பெறக் கணக்கு தாக்கல் செய்வது அவசியம். ஆனால் “தொழில் வருமானம்” என்று தானே எழுதிக் கையெழுத்திடும் முன் சங்கத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும். அந்தக் கையெழுத்தை நிர்வாகம் பின்னர் நீதிமன்றத்தில் காட்டக்கூடும்.

நான்காவது, சம்பளமாகக் கருதி 192-வது பிரிவைப் பின்பற்றுமாறு நிர்வாகத்திற்குக் கூட்டாக எழுத்துமூலம் கோரிக்கை தர வேண்டும். தனி ஒருவர் எழுதினால் அடுத்த மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நூறு பேர் சேர்ந்து எழுதினால் அது தொழிற்தகராறு.

தோழர்களே, அகரியாக்களுக்கு ஊதியச் சீட்டும் இல்லை, வரிப் படிவமும் இல்லை. அவர்களிடம் இருந்தது உழைப்பும் ஒற்றுமையும். அவற்றைக் கொண்டே உச்ச நீதிமன்றம் வரை சென்று தொழிலாளர் என்ற பெயரை வென்றனர். அந்தப் பெயரைக் கணினித் திரையின் ஓர் எண்ணுக்காக இழந்துவிடாமல் காப்பது இன்றைய தொழிற்சங்க இயக்கத்தின் பொறுப்பு.