நீல ஒளியும் நமது தெருவிளக்குகளும்



1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ‘நார்க்குண்டா’ கப்பலில் தாயகம் திரும்பிய பேராசிரியர் சி.வி. இராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நிறமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது அன்று பெரும் விஞ்ஞானியான ரேலே பிரபு கூறிய விளக்கம். இராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வான ஒளியை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிந்து தோன்றியது. அந்த நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்றார் அவர். நீர் சிவப்பொளியை உட்கவர்ந்து கொள்வதற்கும் அந்த நிறத்தில் பெரும் பங்குண்டு என்பதை இன்று நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் அன்று தொடங்கிய ஆராய்ச்சியே 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் இராமன் விளைவாக மலர்ந்தது.

கடலைப் பற்றி ரேலே கூறியது பொருந்தாமற் போனாலும், வானத்தைப் பற்றி அவர் 1871இல் கண்ட விதி நிலைத்து நிற்கிறது. அலைநீளத்தை விட மிகச் சிறிய துகள்களில் ஒளி படும்போது, சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர், சிவப்பினுடையது 650. கணக்கிட்டுப் பாருங்கள்: நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. அப்படியானால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். ஞாயிற்றின் ஒளியில் ஊதா குறைவு. நம் கண்ணும் அதை அவ்வளவாக உணர்வதில்லை. புழுதியும் புகையும் மிகுந்த நகரில் துகள்கள் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் வானம் வெளுத்துக் கிடக்கிறது.

இயற்கை இவ்வளவு தாராளமாக வழங்கும் நீலத்தை விளக்கில் உண்டாக்குவதற்கு மனிதன் பெரும்பாடு பட்டான். எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடில், குறைகடத்திப் படிகத்தினுள் எலெக்ட்ரான் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குகையில் ஒளி பிறக்கிறது. இறக்கம் எத்தனை பெரிதோ, அலைநீளம் அத்தனை குறுகும். சிவப்புக்கு 1.9 எலெக்ட்ரான் வோல்ட் போதும், நீலத்துக்கு 2.75 வேண்டும். கட்புலனாகும் சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே கிடைத்துவிட்டது. நீலத்துக்கு ஏற்ற காலியம் நைட்ரைடைக் குறைகளின்றிப் படிகமாக வளர்ப்பதோ எளிதாக இல்லை. அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில்தான் பிரகாசமான நீல விளக்கு கைகூடியது. 2014இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு நிற விளக்குக்கு இத்தனை சிறப்பு எதற்கு? வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது உண்மையில் நீல விளக்குதான். அதன்மேல் பூசப்பட்ட ஒளிரும் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை ஏற்று மஞ்சளாக வெளியிடுகிறது. எஞ்சிய நீலமும் மஞ்சளும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட இத்தகைய பல்புகள் வழங்கப்பட்டன. அதே நாளில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகளை மாற்றியமைத்தது. மின்சாரச் செலவில் கிடைத்த சிக்கனத்தை எவரும் மறுக்க இயலாது. நானும் மறுக்கவில்லை.

ஆனால் பழைய சோடியம் விளக்கு பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியைத் தந்தது. புதிய குளிர்வெள்ளை விளக்கில் 450ஐ ஒட்டிய நீலம் மிகுதி. ரேலேயின் விதிப்படி தூய காற்றில் இந்நீலம் அம்மஞ்சளைப் போல் மூன்று மடங்கு சிதறும். மேல்நோக்கிக் கசியும் ஒளி இவ்வாறு சிதறி இரவு வானத்தை வெளுக்கச் செய்கிறது. லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஹான்லே வானாய்வகத்தைச் சூழ்ந்த பகுதி 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு இக்கவலையே காரணம். ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் கடலை நோக்கிச் செல்லாமல் விளக்கொளியை நோக்கி ஊர்ந்து மடிவதுண்டு. குற்றலை ஒளியே அவற்றை மிகுதியாக ஈர்க்கிறது.

மனிதரும் விலக்கல்லர். காட்சிக்கெனப் பயன்படும் செல்களைத் தவிர, பகலா இரவா என்று உடலுக்கு உணர்த்தும் செல்களும் விழித்திரையில் உள்ளன என்பது 2002ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலமே அவற்றை மிகுதியும் தூண்டுகிறது. தெருவில் நடந்து செல்வோரின் உறக்கம் கெடுகிறது என்று இதனால் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. சாளரத்தின் வழியே இரவெல்லாம் படுக்கையில் பாயும் விளக்கின் செய்தி வேறு.

இதற்கு மாற்று கடினமன்று. 2,700 அல்லது 3,000 கெல்வின் நிற வெப்பநிலையுள்ள விளக்கில் நீலம் குறைவு; அதே வாட்டுக்கு ஒளி சிறிதே குறையலாம். உள்ளாட்சி அமைப்புகளின் ஒப்பந்தப்புள்ளியில் வாட்டையும் விலையையும் குறிப்பவர்கள், நிற வெப்பநிலையையும், ஒளி மேலே செல்லாதபடி மறைப்பு அமைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத இரண்டு வரிகள் போதும். விளக்குகளைப் பொருத்திய பிறகு மாற்றுவதென்றால் மீண்டும் பணம் தேட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பயனற்ற குறுந்தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு இரவில் வெளியே செல்லுங்கள். தெருவிளக்கின் ஒளியை அதன் பளபளப்பான பக்கத்தில் சாய்வாக விழச் செய்து நிறமாலையைப் பாருங்கள். எங்கேனும் பழைய சோடியம் விளக்கு எஞ்சியிருந்தால் அதையும் பாருங்கள். இரண்டிலும் நீலப் பட்டை எத்தகையது என்பதைக் குறித்து வைத்து, உங்கள் ஊராட்சி அலுவலரிடம் காட்டுங்கள்.