விளம்பரமா, நல்ல பேரா?

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம குழுப் பொருளை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விற்க விளம்பரக்காரங்க வேணுமா, பி.ஆர்.ஓ. மாதிரி ஆள் வேணுமான்னு போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

சினிமாவையே எடுத்துக்கோங்க. சுவத்துல போஸ்டர் ஒட்டறது விளம்பரம். காசு கொடுத்தா நடக்கும். பத்திரிகைக்காரங்களோட பழகி, செய்தியும் படமும் கொடுத்து, அவங்களே எழுதும்படி செய்யறது பி.ஆர்.ஓ. வேலை. 1958ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு அந்த வேலை பார்த்த பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ.ன்னு சொல்வாங்க.

எங்க குழு அகரம்தென்ல பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி போடுது. உள்கடன் எடுத்து 3,000 ரூபாய் ஃபேஸ்புக் விளம்பரத்துக்குக் கட்டினோம். லைக் நிறைய விழுந்துச்சு. ஆர்டர் வந்தது ஆறு பாக்கெட்டுக்குத்தான். தவணை கட்ட முடியாம, குழுவே வேண்டாம்னு மூணு பேர் சொல்லிட்டாங்க.

அந்த நேரம் பார்த்து, சேலையூர் அபார்ட்மெண்ட் அம்மா ஒருத்தர், "பொடியில பூசண வாடை"ன்னு எல்லாரும் பார்க்க எழுதிட்டாங்க. அதை அழிச்சிடுன்னாங்க. நான் அழிக்கல. சூடு ஆறறதுக்குள்ள பாக்கெட் போட்டது எங்க தப்புதான். அதை அங்கேயே எழுதி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் புதுசா வறுத்து அரைச்சு, நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தம்மாவே அதையும் எழுதினாங்க. இப்ப அவங்க குடியிருப்புக்கு மட்டும் மாசம் நாற்பது பாக்கெட் போகுது. தவணை நிக்கல. போறேன்னு சொன்ன மூணு பேரும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.

போஸ்டர்கிட்ட யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஃபோன்ல கேட்பாங்க, நாம பதில் சொல்லியாகணும். அதனால பி.ஆர்.ஓ. வேலைதான் முதல்ல, விளம்பரம் அப்புறம். புது ஊருக்கு நம்ம பேர் போக விளம்பரமும் வேணும்தான். ஆனா காசு கொடுத்து ஒருத்தரைப் புகழ வைச்சா, அது விளம்பரம்னு அவங்க வெளிப்படையா சொல்லணும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்லுது.

ஒவ்வொரு குழுவும் பதில் சொல்ற வேலைக்குன்னு ஒருத்தரை வையுங்க. பொறுமையும் உண்மையும் இருந்தா போதும், பட்டம் வேண்டாம்.