மேல் ஷட்ஜம் தொடாத ராகம்

பாட்டு வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளைகள் பாடும் சரளி வரிசை, 15ஆவது மேளகர்த்தாவான மாயாமாளவகௌளையில் அமைந்தது. அதை முதல் பாடமாக வைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கேட்டால் யாருக்கும் கண் கலங்காது. ஆனால் அதே ஏழு சுரங்களில் பிறந்த நாதநாமக்கிரியை ராகத்தைக் கேளுங்கள், நெஞ்சு கனத்துவிடும். சுரம் மாறவில்லை. பிறகு எதுதான் மாறியது?

விடை தேடி விழுப்புரம் பக்கம் போவோம். திண்டிவனத்திலிருந்து வரும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் பனையபுரம். தேவாரத்தில் வரும் புறவார் பனங்காட்டூர் இதுதான். விழுப்புரத்தை ஒட்டி, பம்பை ஆற்றங்கரையில் திருவாமாத்தூர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பனங்காட்டூருக்கு ஒரு பதிகமும் ஆமாத்தூருக்கு இரண்டும் பாடினார். மூன்றுக்கும் பண் சீகாமரம். இரண்டாம் திருமுறையின் 14 சீகாமரப் பதிகங்களில் மூன்று இந்த வட்டாரத்துக்கே கிடைத்திருக்கின்றன. சீகாமரத்தை ஓதுவார்கள் இன்று பாடுவது நாதநாமக்கிரியையில்.

அடுத்தது திருவெண்ணெய்நல்லூர். 8ஆம் நூற்றாண்டு. புத்தூரில் கல்யாணப் பந்தலில் இருந்த சுந்தரரை, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலை காட்டி இழுத்து வருகிறார் ஒரு கிழவர். வழக்கில் கிழவரே ஜெயிக்கிறார். அவர் கோயிலுக்குள் போய் மறைந்ததும்தான் வந்தவர் சிவன் என்று சுந்தரருக்குப் புரிகிறது. வாக்குவாதத்தில் ‘பித்தன்’ என்று திட்டியிருந்தார். அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொல்கிறார் இறைவன். அப்படிப் பிறந்த பதிகத்துக்குப் பண் இந்தளம். ஓதுவார் மரபில் அது மாயாமாளவகௌளைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஏடுகளில் பண்ணின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு கிடையாது. மெட்டு வாய்வழியாகவே வந்தது. தேவாரம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அப்படி வழிவழியாகப் பாடியவர்களின் குரலில்தான் பண்கள் இன்றைய ராகங்களாக நமக்கு வந்து சேர்ந்தன. 1943இல் தொடங்கிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தி, எந்தப் பண்ணுக்கு எந்த ராகம் என்று ஓதுவார்களைப் பாடச் சொல்லியே விவாதித்தது.

இனி, எதுதான் மாறியது என்ற கேள்விக்கு வருவோம். மாயாமாளவகௌளை கீழ் ஷட்ஜத்தில் புறப்பட்டு மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும். ஏறியவருக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. நாதநாமக்கிரியையோ நிஷாதாந்திய ராகம். ச ரி க ம ப த நி என்று ஏறும், நிஷாதத்தோடு திரும்பிவிடும். இறங்கும்போது ஷட்ஜத்தையும் தாண்டிக் கீழ் நிஷாதம் வரை போகும். காகலி நிஷாதம் மேல் ஷட்ஜத்துக்கு அரை சுரம்தான் கீழே. காது ‘இதோ, அடுத்தது ஷட்ஜம்’ என்று காத்திருக்கிறது. அது வருவதே இல்லை. போதாததற்கு ரிஷபமும் தைவதமும் சுத்த சுரங்கள். ஷட்ஜ பஞ்சமங்களை ஒட்டியே நின்று உருகும். அந்த ஏக்கத்தைத்தான் நாம் கருணை ரசம் என்கிறோம்.

நாதநாமக்கிரியையை வெறும் சோக ராகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சம்பந்தரின் அந்த மூன்று பதிகங்களில் அழுகை இல்லை; இருப்பது சிவனைக் கொண்டாடும் பெருமிதம். அதே குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரர் பதிகத்தில் குற்ற உணர்வு உண்டு, ஆனால் ‘உனக்கு ஆளான பிறகு இல்லை என்று சொல்லலாமா’ என்ற உரிமையும் கூடவே வருகிறது. ஒப்பாரியில் இழந்தவர் அழுகிறார். இங்கே பாடுகிறவர் எதையும் இழக்கவில்லை. எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கேட்டு நிற்கிறார்.

ஆக, ராகத்தின் குணத்தை அறிய அதன் சுரப்பட்டியல் மட்டும் போதாது; அது எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்துக்குப் போக மறுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சீகாமரப் பதிகம் ஒன்றை ஓதுவார் பாடக் கேட்டால் நிஷாதத்தைக் கவனியுங்கள். அங்கிருந்து குரல் திரும்புவது உங்கள் காதுக்கே பிடிபடும்.